தளிர் வெட்டும் கூலி

தாக்ஸ்டன் கோட்டையின் வரலாறு
என் கையெழுத்தில் இருக்கிறது.
நான் ஏனஸ் விட்காம், சரக்கறைக் குமாஸ்தா.
எழுதியதில் பொய் ஒன்றே ஒன்று.
எழுதாதவை வேறு கணக்கு.

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று, மே மாதம்:
கம்பங்கள் நானூற்றுப் பன்னிரண்டு.
மண்ணுக்கு மேல் பன்னிரண்டடி, கீழே மூன்று.
ஓக் மரம்தான் வேண்டும் என்றது மேலிடத்துக் கடிதம்.
ஓக் மேட்டில் இருந்தது.
மேட்டில் ஷானிகள் இருந்தார்கள்.
ஆற்றோரத்து வில்லோக்களைச் சாய்த்தோம்,
பட்டை உரிக்க நேரமில்லை,
ஈரத்தோடே நட்டோம்.

ஜூனில் வடக்குச் சுவர் துளிர்த்தது.
காவலுக்கு நின்றவன்
தொப்பியில் ஒரு கொழுந்தைச் செருகிக்கொண்டான்.
நாங்கள் சிரித்தோம்.
கேப்டன் லிஸ்கம் சிரிக்கவில்லை.
"கிளை என்பது எதிரிக்கு ஏணி."
வாரம் இருமுறை நறுக்க உத்தரவு.
சலவைக்காரி கெசாயா ப்ரூயிட்டுக்கு அந்த வேலை,
வாரத்துக்கு ஓர் ஆழாக்கு விஸ்கி.
"தளிர் வெட்டும் கூலி" என்று பதிந்தேன்.
அது என்ன செலவு என்று
போர்த்துறை இரண்டு முறை விளக்கம் கேட்டது.

பீரங்கி ஒன்று, குண்டு பதினெட்டு.
பதினெட்டும் துருவோடு திரும்பிப் போயின.
முற்றுகை வரவில்லை, குளிர்ஜுரம் வந்தது.
ஆகஸ்டில் பதினொரு பேர்,
செப்டம்பரில் ஏழு.
பெட்டிக்குப் பலகை இல்லாமல்
மாவுப் பீப்பாய்களைப் பிரித்தோம்.
ஏட்டில் மாவு இருந்தது,
பீப்பாயில் இல்லை.
இருட்டில் சுட்ட ஒரே தோட்டா
எங்கள் பசுவின் மேல் பட்டது.
அது தொப்பி போட்டிருந்ததாக
சுட்டவன் பைபிள்மேல் கைவைத்துச் சொன்னான்.

நவம்பரில் வாசலுக்கு ஒரு ஷானிப் பெண் வந்தாள்.
முதுகில் சோளக்கூடை.
விலை பேசும்போது என்னைப் பார்க்கவில்லை,
அணிவகுப்புத் திடலைப் பார்த்தாள்.
வரிசை வரிசையாய் அங்கே சிறு மேடுகள்,
ஆறு மாதமாய் எங்கள் பூட்ஸைத் தடுக்கிவிட்டவை.
சோளம் விதைக்க அவள் குவித்தவை என்று
எங்களில் யாருக்கும் தோன்றவில்லை,
கெசாயாவைத் தவிர.

"சோளம், கூடை பன்னிரண்டு. ஈடாக உப்பு, படி ஆறு.
ஒரு பெண்ணிடமிருந்து."
அதற்கு மேல் வரியில்:
"டோர்கஸ், கோவேறு கழுதை, இடக்கண் பழுது."

கெசாயாவுக்கு எழுதத் தெரியாது,
வாசிக்கச் சொல்லிக் கேட்பாள்.
அன்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போனாள்.
இரண்டு பேரும் நெடுநேரம்
ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.
திரும்பி வந்து ஒரு பெயரைச் சொன்னாள்.
"எழுது."
அந்த ஒலிக்கு என்னிடம் எழுத்தில்லை என்றேன்.
"கழுதைக்கு இருந்ததே."

மூன்று குளிர்காலம் சோளம் வந்தது.
பிறகு எங்கோ ஒரு மேசையில்
வரைபடத்தின்மேல் கோடு கிழித்தார்கள்.
மேட்டில் புகை நின்றது.
காவல் காக்க எதிரி இல்லாமல்
கோட்டை ஏலத்துக்கு வந்தது.
ஆணி மூன்று பீப்பாய், பூட்டு ஒன்பது,
கம்பங்களைப் பன்றி வளர்க்கும் ஒருவன் எடுத்தான்.

வடமூலைக் கம்பம் மட்டும் வரவில்லை.
இரண்டு எருது, புதுக் கயிறு.
கயிறுதான் அறுந்தது.
சலவைக் கொப்பரைக்குப் பின்னால்
உட்பக்கமாய்க் கிளைவிட்டு நின்ற கம்பம்.
சட்டைகளை அதில்தான் உலர்த்தினாள்.
சட்டைகளின் மறைவில் இலைகள் இருந்தன.
ஐந்து வருடமாய் அதை அவள் தொடவில்லை.
எனக்குத் தெரியும்.
கூலியை முழுதாகவே எழுதி வந்தேன்.

"கம்பங்கள் நானூற்றுப் பதினொன்று. குறைவு ஒன்று."
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
என் சம்பளத்தில் ஆறு சென்ட் பிடித்தார்கள்.

அந்தப் பெயர் இன்னும் காதில் இருக்கிறது,
கெசாயா சொன்ன விதமாக,
அவளும் பாதி தவறாகவே சொல்லியிருக்கலாம்.
சில இரவுகளில் பேனாவை எடுத்து
முதல் எழுத்து வரை போகிறேன்.

கழுதையின் பெயர் டோர்கஸ்.
இடக்கண் பழுது.